தன்னாட்சி: மூன்று நாள்

வலையிறவுப் பாலத்தில் லொறி மெதுவாகிறது.
யாரும் மறிக்கவில்லை.
அஸ்மீர்தான் பிரேக்கை மிதிக்கிறான்.
வயது இருபத்தாறு,
அவன் கால் எங்கே பழகியதோ.

பின்னால் நாற்பத்தெட்டு லித்தியம் பற்றறி,
ஒவ்வொன்றும் ஒரு கிடாயின் பாரம்.
கூரைத் தகடுகள் நேற்றே போய்விட்டன.
என் மடியில் கோப்பு:
முகாமின் மின்தேவை, இருபத்துநாலு மணி நேரத்துக்கு.

இதே இடத்தில்தான்
அப்பா, சாமித்தம்பி,
இரண்டு டோர்ச் பற்றறிக்காக
காலையிலிருந்து பின்னேரம் மட்டும் வெயிலில் நின்றார்.
பூசணிக்காய்க்குள் வைத்திருந்தார்.
வெட்டிப் பார்த்தவன் சிரித்தானாம்.
"ஒண்ணொண்ணும் ஒண்ணரை வோல்ற்று. ரெண்டும் சேந்தா மூணு"
என்பார்,
அதற்குமேல் அந்தக் கதையை நீட்டமாட்டார்.
மூன்று வோல்ற்றுக்கு ரேடியோ பாடும்.
செய்தி சொல்லும்,
எங்கள் ஊர்ப் பெயரைப் பிழையாக.

வாசலில் கோப்ரல் திலகசிறி எண்ணுகிறார்.
அவர் சிங்களத்தில், நான் தமிழில்.
முப்பத்தொன்றில் இருவருக்கும் பிசகியது.
மறுபடி ஒன்றிலிருந்து.

மாரியில் டீசல் வர மூன்று நாள்,
பாதையை வெள்ளம் மேவினால் ஐந்து.
போன மார்கழியில் ஜெனரேற்றர் இருமி இருமி நின்றது.
ரேடியோ செத்தது, தேடுவிளக்கு செத்தது.
கடைக்கு ஒரு பொடியனை அனுப்பினார்கள், மெழுகுதிரிக்கு,
சீருடையோடு, குடையோடு.
கடைக்கார வேலாச்சி கொடுத்தாள்.
கடன் கொப்பியில் எழுதினாள்:
ஆமி, ரெண்டு பெட்டி.
இன்னும் வெட்டவில்லை.

படிவத்தை நிரப்புகிறேன்.
தொடர்பாடல் அறை: ஒரு நொடியும் நிற்கக்கூடாது.
தேடுவிளக்கு ஆறு: நிற்கக்கூடாது.
தண்ணீர்ப் பம்பு: இரண்டு மணி நேரம் பொறுக்கலாம்.
பிரிட்ஜ், மருந்துக்கு.
பிரிட்ஜ், பெரியவருக்கு.
புத்தர் தலைக்குப் பின்னால் சுழலும் வண்ண விளக்கு.
"இதை எதில போட?" என்றேன்.
கோப்ரல் நெற்றியைச் சொறிந்தார்.
"பொறுக்கலாம், அதில போடுங்க.
அவர் பொறுப்பார்."

கடைசிக் கட்டம்.
மூன்று நாள் சூரியன் முகம் காட்டாவிட்டாலும்,
வெளியிலிருந்து ஒரு சொட்டு டீசல் வராவிட்டாலும்,
தன்பாட்டில் இயங்கும்.
அதற்கு எங்கள் தொழிலில் ஒரு சொல் இருக்கிறது:
தன்னாட்சி.
எத்தனை மேசைகளைக் கவிழ்த்த சொல்.
எத்தனை ஒப்பந்தங்களில் அடிக்கப்பட்டு
ஓரத்தில் சுருக்கொப்பம் வாங்கிய சொல்.
இங்கே அச்சடித்த கட்டத்துக்குள் இருந்தது,
பக்கத்தில் வெறும் கோடு.
'மூன்று நாள்' என்று எழுதினேன்.
திலகசிறி வாசிக்காமல் ஒப்பம் வைத்தார்.
முத்திரையும் குத்தினார், இரண்டு இடத்தில்.

மறுகா, ஆறு மணிக்கு, ஆளியை மாற்றினோம்.
ஜெனரேற்றர் ஒரு மூச்சு இழுத்தது,
விட்டது.
அதற்குப் பின்னால் இவ்வளவு தவளைகள் இருந்தனவா?
காவல் கோபுரத்தில் நின்றவன்
துவக்கைத் தோள் மாற்றிக்கொண்டு
வயலைத் திரும்பிப் பார்த்தான்.
அங்கே யாரோ தும்மினார்கள்.
அது இவனுக்குக் கேட்டது.

அப்பாவுக்கு அழைத்தேன்.
"பாலத்தில மறிச்சவங்களா?"
"இல்ல."
"எண்ணினவங்களா?"
"எண்ணினவங்க. ரெண்டு தரம்."
"ம்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"எத்தின வோல்ற்று?"

திரும்பும் வழியில் சோடாவுக்கு இறங்கினோம்.
வேலாச்சி கடைக்கு வெளியே நின்றாள்,
கையில் ஒரு பலகை, பாதி மூடிய கடை.
பத்து மணிக்கு அந்த இரைச்சல் நிற்கும்,
நின்றதும் படுப்பாள்.
இத்தனை வருடமாய் அவளுக்கு வேறு மணிக்கூடு இல்லை.
முகாமின் பக்கம் தாடையை நீட்டினாள்.
"இரிக்காங்களா, போயித்தாங்களா?"
"இரிக்காங்க."
"சத்தமில்லாம?"
"சத்தமில்லாம."

சோடாவுக்குக் காசு வாங்கினாள்.
மிச்சத்தைப் பிழையாக எண்ணித் தந்தாள்.
பலகை கையிலேயே இருந்தது.